உள்ளங்கையில் எழுதிய பாட்டு எண்

போன ஞாயிறு புந்தோங் தேவாலயத்தில், பாட்டு எண்களை மாட்டியிருந்த பலகையைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் கைப்பேசியில் படம் எடுத்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. பிள்ளைகளே, உங்கள் தாத்தாவும் இப்படித்தான்.

எழுபதுகளில் செமோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவிய என் அப்பா, ஞாயிறுதோறும் ஒட்டுப்பால் நாற்றம் போகாத உள்ளங்கையில் அந்த எண்களை எழுதிக்கொள்வார். வீட்டில் பாடத்தான் என்று அம்மா பூரித்துப்போயிருந்தாள். அவரோ நேரே நம்பர் கடைக்குப் போய் அதே எண்களில் லாட்டரி எடுப்பார்.

விஷயம் தெரிந்ததும் அம்மா உபதேசியாரிடம் கெஞ்சினாள். "இனிமே அந்தப் பலகைய மாட்டாதீங்கய்யா."

அடுத்த வாரம் சுவரில் வெறும் ஆணிதான் இருந்தது. அப்பா பிரசங்கத்தை அசையாமல் கேட்டார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே வந்து பார்த்தால், அவர் உள்ளங்கையில் வேத வசனத்தின் எண்!

"ஆண்டவர நம்பித்தான் எடுக்குறேன்லா!"

"அவர நம்புறவரு அவரு சொன்னதக் கேக்கணும்! எங்க, அந்த வசனத்தச் சொல்லுங்க பாப்போம்!" என்றாள் அம்மா.

அப்பா கையைப் பார்த்தார். அதில் எண் மட்டுமே இருந்தது.

அந்த எரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் போன ஞாயிறு பாட்டுப் புத்தகத்தைத் திறந்து, படம் எடுத்த அந்த அண்ணன் கையில் வைத்தேன்.

"பாடுங்கண்ணே" என்றேன்.