அக்கா உயரத்தில் ஒரு லென்ஸ்

ஓட்டல் கட்டுகிறவர்களுக்குக் கதவுச் சாமான் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும். பக்கத்து அறைக் கதவு படாரென்று அடித்துத் தூக்கம் கெட்டவர்களிடம் போய்க் கேட்டால் தெரியும். இந்தக் கதையில் வருகிற அம்மாளுக்குப் பல வருடமாக அதுதான் பிழைப்பு. கீல், பூட்டு, தாழ்ப்பாள், கைப்பிடி, கதவை மெல்ல இழுத்து மூடுகிற க்ளோசர் என்று எது வந்தாலும் தொட்டு, ஆட்டி, இது ஆகும் இது ஆகாது என்று சொல்ல வேண்டும். அலுவலகத்தில் அவருக்குக் 'கைப்பிடி மேடம்' என்று பட்டப்பெயர். அவருக்கும் அது தெரியும், கோபமெல்லாம் கிடையாது.

புதிதாக ஒரு கைப்பிடி வந்தால் அதற்குப் பிடித்தது சனி. முதலில் கை நிறைய சோப்பு நுரையோடு திறந்து பார்ப்பார். வழுக்கினால் தள்ளுபடி. அப்புறம் இரண்டு கையிலும் பையைத் தூக்கிக்கொண்டு முழங்கையால் திறப்பார். புடவைத் தலைப்பை வேண்டுமென்றே அதன்மேல் போட்டு இழுப்பார், ஒரு நூல் மாட்டினாலும் கடைக்காரருக்கு அர்ச்சனைதான். உறவுக்காரர் வீட்டுக்குப் போனால்கூடக் கண் கீல் பக்கம்தான் போகும். மனுஷங்களை விட்டுவிட்டுக் கதவைக் குசலம் விசாரிக்கிறாள் என்று கணவர் கேலி செய்வார். கேலி செய்துவிட்டு, வீட்டுக் கீலுக்கெல்லாம் எண்ணெய் விடுவதும் அவரேதான். சண்டை சச்சரவு இல்லாத குடும்பம்.

ஆள் மட்டும் குள்ளம். கொஞ்ச நஞ்சக் குள்ளம் இல்லை. பஸ்ஸில் மேல் கம்பி எட்டாது, சமையலறையில் மேல்தட்டு எட்டாது. இதையெல்லாம் அவர் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. ஆனால் ஓட்டல் அறைக் கதவில், வெளியே நிற்பது யாரென்று பார்க்க ஒரு சின்ன லென்ஸ் பதிப்பார்களே, அதைக் கண்டால் மட்டும் எரிச்சல் வரும். வேலை விஷயமாக வெளியூர் போய்த் தனியாகத் தங்கும்போது யாராவது தட்டினால், நுனிக்காலில் எம்பி எம்பிப் பார்த்தும் நடைபாதைக் கூரையில் எரிகிற விளக்குதான் தெரியும். தட்டினவன் நல்லவனா கெட்டவனா என்று அந்த விளக்கா வந்து சொல்லும்?

அவருடைய தம்பி கதவுப் பட்டறை வைத்திருந்தான். வீட்டுக் கதவுகளாகவே செய்துகொண்டிருந்தவனுக்கு, அக்கா சிபாரிசில் முதல்முறையாக ஓட்டல் வேலை ஒன்று கிடைத்தது. ஒரு மாடி முழுக்க அவன் கதவுகள். இருந்த நல்ல மரத்தையெல்லாம் அதில் போட்டான், வேறு வேலை எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. லென்ஸ் வைக்கிற உயரம் மட்டும் ஓட்டலிலிருந்து வந்து சேரவில்லை. அக்கா தன் தோள் வரைக்கும்தான் வருவாள் என்ற ஞாபகத்தில், அவள் கண்ணுக்கு நேராகத் துளை போட்டு மாதிரிக் கதவு ஒன்றைத் தயார் செய்துவிட்டான்.

அக்கா பட்டறைக்கு வந்தார். சோப்பு, பை, தலைப்பு எல்லாம் ஆன பிறகு லென்ஸில் கண்ணை வைத்தார். எம்ப வேண்டியிருக்கவில்லை. அந்தப் பக்கம் தம்பி பல்லை இளித்துக்கொண்டு நிற்பது பளிச்சென்று தெரிந்தது. அவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கச்சிதமாக இருக்கிறது, எல்லாக் கதவிலும் இப்படியே போடு என்று சொல்லிவிட்டுப் போனார். கீல் ஒரு நூல் இறங்கியிருந்தாலே கண்டுபிடிக்கிற மனுஷி, அன்றைக்கு டேப்பை வெளியே எடுக்கவே இல்லை!

கதவுகளெல்லாம் மாட்டி முடித்ததும் ஓட்டல் முதலாளி, அக்காவையும் தம்பியையும் கூட வைத்துக்கொண்டு பார்வையிட வந்தார். நெடுநெடுவென்று வளர்ந்த மனிதர். கைப்பிடி பிடித்திருந்தது, பூட்டு பிடித்திருந்தது. ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவர் இடுப்பைப் பிடித்தபடி வெளியே வந்தார். இது ஆள் பார்க்கிற உயரமா என்று கேட்டார். அத்தனை கதவையும் கழற்றி எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். துளை போட்ட கதவுகளை வேறு யார் தலையில் கட்டுவது? தம்பி தலையைக் குனிந்துகொண்டு திருப்புளியை எடுத்தான். பட்டறை நிற்குமா, விழுமா என்பது அந்த மாடிக் கதவுகளில் இருந்தது.

தான் பேசாமல் இருந்தால் அவன் தன்னைக் காட்டிக்கொடுக்க மாட்டான் என்று அக்காவுக்குத் தெரியும். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"மாதிரியைப் பார்த்து சரின்னு சொன்னது நான்தான் சார்," என்றார்.

அளந்து பார்க்காதது தன் தப்பு, ஆனால் கதவுகளைத் தள்ள வேண்டியதில்லை, மேலே இன்னொரு லென்ஸ் வைத்தால் நெட்டைக்கும் குட்டைக்கும் ஆகும் என்று சொன்னார். ஒரு கதவுக்கு இரண்டா, பார்க்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா என்றார் முதலாளி. தம்பியைக் காப்பாற்றத்தானே இந்த யோசனை என்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார். சுருக்கென்றது. பாதி உண்மை என்பதால் அக்காவுக்கு இன்னும் கொஞ்சம் சுருக்கென்றது. ஆமாம், அவனுக்காகவும்தான் என்று ஒப்புக்கொண்டார். அப்புறம் கேட்டார்.

"எத்தனையோ ஓட்டல்ல தங்கியிருப்பீங்க சார். யாராவது தட்டினா லென்ஸ்ல பார்த்திருக்கீங்களா?"

முதலாளி யோசித்தார். பொய் சொல்கிற மனிதர் இல்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"இல்ல. தட்டினா திறந்துடுவேன்."

"நாங்க திறக்க மாட்டோம் சார்."

அவர் குரலை உயர்த்தவில்லை. ஆனால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் அப்படியே நிமிர்ந்தார்கள். வரவேற்பு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த பெண், யாரும் சொல்லாமலே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தாள். அடுத்து துடைக்கிற பெண்கள் ஒவ்வொருத்தியாக. ஒருத்திக்கும் எம்ப வேண்டியிருக்கவில்லை. முதலாளி சட்டையில் பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிறார் என்று உள்ளேயிருந்து ஒருத்தி கிசுகிசுத்தது வெளியே எல்லோருக்கும் கேட்டுவிட்டது. முதலாளி அவசரமாகப் பொத்தானைச் சரி செய்துகொண்டார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்து முடித்தவர் என்ன நினைத்தாரோ, போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார். நம் வீட்டு வாசல் கதவில் இருக்கிற லென்ஸ் உனக்கு எட்டுகிறதா என்று கேட்டார். பதில் நீளமாக வந்தது போலிருக்கிறது. ம்ம், ம்ம் என்று கேட்டுக்கொண்டே ஜன்னல் பக்கம் போய் நின்றார். திரும்பி வந்தபோது சிரிப்பு போயிருந்தது.

கீழே இருப்பது இருக்கட்டும், மேலே இன்னொன்று போடுங்கள் என்றார். தம்பிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அக்கா கைப்பிடியைத் துடைக்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

லிஃப்ட் வரை போன முதலாளி மறுபடி வந்தார். நாளைக்கே தன் வீட்டுக்கு வந்து வாசல் கதவிலும் கீழே ஒன்று வைத்துக்கொடுக்க வேண்டும் என்று தம்பியிடம் சொன்னார். பட்ட பாடு போதாதா, தம்பி உடனே பென்சிலை எடுத்துக்கொண்டான்.

"வீட்டம்மா எவ்வளவு உயரம் இருப்பாங்க சார்?"

முதலாளி கையைத் தூக்கித் தன் தோளுக்கு நேராக வைத்தார். கொஞ்சம் இறக்கினார். யோசித்து, மறுபடி கொஞ்சம் ஏற்றினார். பேரன் பேத்தி எடுத்த மனிதர்.

"கேட்டுட்டுச் சொல்றேன்," என்றார்.