அறுத்த கொல்லைக்குக் காவல்

கள்ளக்குறிச்சி சுத்துவட்டாரத்துலயே புராஸ்டேட் கேன்சர் ஆபரேசன் பண்ணிக்கினு ஒரு சொட்டு கண்ணீர் வுடாத ஆம்பள நாந்தான். பொய்யி. மூத்திர டியூப்ப உருவுனப்போ நான் போட்ட சத்தத்துல, பக்கத்து பெட்டுக்காரரு எனுக்கு முன்னாடி அழுதுட்டாரு.

கேன்சர் போச்சு. கூடவே ஆம்பளத்தனமும் படுத்துக்குச்சு. ஊரையே நக்கல் பண்ற வாயி, இத வூட்டுக்காரிகிட்ட சொல்ல மட்டும் தொறக்கல. "மக்காச்சோளத்துல பன்னி எறங்குது, காவலுக்குப் போறேன்"னு போர்வையத் தூக்கிக்கினு கொல்லப் பரணுக்குப் போய்ட்டேன். எங்க கொல்ல கல்வராயன் மல அடிவாரம். பன்னி வர்றது நெசம், அதனால யாரும் சந்தேகப்படல. சோளத்த அறுத்து, மெஷின்ல அடிச்சி, வித்தும் ஆச்சி. நான் மட்டும் பரண வுட்டு எறங்கல.

செக்கப்புக்கு அவளும் வந்தா. டாக்டரு எங்க ரெண்டு பேரையும் கவுன்சிலிங் ரூமுக்கு அனுப்புனாரு. அங்க ஒரு மேடம், எம்பொண்ணு வயசு.

"புருசன் பொண்டாட்டிக்குள்ள எப்பிடி இருக்கீங்கய்யா?"

"சூப்பரா இருக்கறோம் மேடம்."

"இன்னா சூப்பரு? அறுத்த கொல்லைக்கு ரெண்டு மாசமா காவல் இருக்குது மேடம் இந்தாளு. பன்னி இன்னாத்த திங்கும்? இவரத்தான் திங்கணும்." சிரிச்சிக்கினே சொன்னவ சட்டுனு கண்ணத் தொடச்சிக்கினா. "எம்மேல வெறுத்துப் போச்சின்னு நெனச்சிக்கினு இருக்கறேன்."

எனுக்கு செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு. தலய தொங்கப் போட்டுக்கினு எல்லாத்தயும் ஒளறிட்டேன்.

"ஆபரேசன்ல நரம்பு அடிபட்டா இப்பிடி ஆவுறதுதாங்கய்யா. தேற மாசக்கணக்குல ஆவும். மாத்திர இருக்கு, வேற வழியும் இருக்கு, டாக்டர் சொல்லுவாரு. மொதல்ல வூட்டுல படுங்க. கையப் புடிச்சிக்கினு பேசுங்க. வேற எதயும் எதிர்பாக்காதீங்க"ன்னாங்க மேடம்.

நாமதான் அவசரக் குடுக்கையாச்சே. திரும்பி வர்ற பஸ்லயே கையப் புடிச்சிட்டேன். "யோவ், கைய வுடு, டிக்கெட் எடுக்கணும்"னா.

அன்னிக்கி பொழுது சாய, பரணுக்குப் போயி போர்வையத் தூக்கிக்கினு வூட்டுக்கு வந்தேன். வாசப்படியில நின்னுக்கினு, "இன்னா, இன்னிக்கி பன்னி லீவா?"ன்னா. உள்ள போய் பாயப் போட்டா. பக்கத்துல உக்காந்து மெதுவா கைய நீட்டுனேன். அவ இன்னா பண்ணான்னா—

"யோவ்! வாசல்ல குந்திக்கினு யார்கிட்ட என் கதய அளந்துக்கினு இருக்கற? உள்ள வாய்யா!"

தோ வரேம்மே.