ஏழாம் தொட்டியின் ஆறு மணிப் பாட்டில்

நம்பச் சொல்லி யார் காலிலும் விழப்போவதில்லை. சீனாவின் ஷான்டோங்கில், புத்தாண்டுக்கு முந்தின நாள், மாலை 5:20க்கும் 6:10க்கும் இடையில் எனக்கு நடந்தது இது. அன்று நான் குடிக்கவில்லை. கனவும் காணவில்லை. நேரத்தை எல்லாம் தொட்டிப் பதிவேட்டில் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

என் அப்பா மக்காச்சோளம் விதைக்கிறவர். அந்தச் சோளத்தின் சர்க்கரைப் பாகைத்தான் எங்கள் ஆலையில் ஈஸ்ட்டுக்குத் தீனியாகப் போடுகிறோம். ஈஸ்ட் அதைத் தின்று வேறோர் இனிப்பைக் கக்கும். நாக்கில் இனிக்கும், ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றாது. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. ஆனால் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. என் பொறுப்பில் இருந்த இரண்டு தொட்டிகளில் பாக்டீரியா புகுந்து சரக்கு கெட்டுப்போயிருந்தது. குழாய்க் கசிவுதான் காரணம் என்று நான் எழுதிக் கொடுத்ததை மேலாளர் படிக்கக்கூட இல்லை.

"மூணாவதும் கெட்டா மூட்டையைக் கட்டு," என்றார். அந்த மூன்றாவது, ஏழாம் தொட்டி.

ஈஸ்ட்டுக்கு ஏது புத்தாண்டு விடுமுறை? ஷிப்ட்டில் நானும் லுவான் அண்ணனும் மட்டும். ஐந்து மணிக்கு அவர் கோட்டை மாட்டினார்.

"பாங், ஒரு மணி நேரம் பாத்துக்க. வீட்டுல முன்னோரைக் கூப்பிடணும்."

"ஏண்ணே, நான் மட்டும் மரத்துலயா காய்ச்சேன்? எனக்கு முன்னோர் இல்லையா?"

"படிச்ச புள்ளைக்கு எதுக்கு முன்னோர்? உனக்கும் கொழுக்கட்டை கொண்டாரேன், மூஞ்சியைத் தூக்காத."

எங்கள் பக்கத்தில் அன்று அந்தி சாயும்போது ஊர் எல்லைக்குப் போய், இறந்தவர்களை வீட்டுக்கு அழைத்து வருவார்கள். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித்தான் அழைப்பார்கள். பொதுவாக "வாங்க" என்று வாய் தவறிக்கூடச் சொல்ல மாட்டார்கள். சொன்னால், வழியில் நிற்பதெல்லாம் கூடவே வந்துவிடும்.

5:20. தொட்டியில் புளிப்பு மளமளவென்று ஏறியது. மாதிரி எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். முட்டை முட்டையாக ஈஸ்ட். நடுவே... மெல்லிய குச்சிகள். நெளிந்தன. பாக்டீரியா.

முடிந்தது என் கதை.

லுவான் அண்ணன் போனை எடுக்கவில்லை. நான்கு முறை அடித்தேன். ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினேன்.

"யாராவது இருக்கீங்களா? யாரா இருந்தாலும் வாங்களேன்!"

என் குரல் ஆலை முழுக்கச் சுற்றி வந்தது. வெளியே அந்தி சாய்ந்துகொண்டிருந்தது. அப்புறம்தான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

5:41. மேல் தளத்தில்... ஸ்ஸ்ஸ்ஸ்...

நீராவிச் சத்தம். மாதிரி எடுக்குமுன் குழாயை நீராவியால் சுட வைப்போம். அதே சத்தம்.

ஏறி ஓடினேன். ஆளில்லை. குழாய் கையைச் சுட்டது.

எனக்குக் கீழே, இரும்புப் படியில்...

டங். டங். டங்.

யாரோ இறங்கினார்கள்.

5:48. மாதிரித் தட்டில் என் பாட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு பாட்டில். வெதுவெதுப்பாக இருந்தது. மேலே 'தொட்டி 7, 18:00' என்று எழுதியிருந்தது. என் கையெழுத்து இல்லை.

மணி இன்னும் ஆறாகவில்லை.

ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தேன். ஈஸ்ட் மட்டும்தான். சுத்தம்.

நான் செய்ததை மறைக்கப்போவதில்லை. என் பாட்டிலைப் பின்னால் தள்ளிவிட்டு, அந்தப் பாட்டிலில் என் கையொப்பத்தைப் போட்டேன்.

பிடரியில் ஜில்லென்று மூச்சு.

"கொடுத்துடு..."

பெண் குரல்.

நான் திரும்பவில்லை.

6:00. ஜன்னலைத் தட்டினாள், ஆறு மணி மாதிரியை வாங்க வந்த ஆய்வகத்துத் தியென் அக்கா.

"என்னடி, வெளிறிப்போய் நிக்கிற? சாப்பிட்டியா?"

நான் கையொப்பம் போட்ட பாட்டிலைக் கொடுத்தேன். அவள் போனதும் தட்டைப் பார்த்தேன்.

என் பாட்டிலைக் காணோம்.

6:10க்கு லுவான் அண்ணன் வந்து தானே ஒரு மாதிரி எடுத்துப் பார்த்தார். முழுத் தொட்டியும் சுத்தம். அந்த ஆலையில் அவ்வளவு விளைச்சல் அதற்கு முன் வந்ததில்லை. என் வேலை நிரந்தரமானது.

இரண்டு வாரம் கழித்துத் தியென் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"பாங், உண்மையைச் சொல்லு. இந்த ஈஸ்ட்டை எங்க புடிச்ச?"

"தொட்டியிலதான்க்கா."

"நாம தொட்டியில போட்டது இது இல்ல. ஒம்பது வருஷம் முன்னாடி கைவிட்ட வகை. கடைசிக் குப்பி வரைக்கும் வேக வெச்சுக் கொன்னாச்சு. நான்தான் கொன்னேன்."

பழைய பதிவேட்டைப் பிரித்தாள். அந்த வகை கடைசியாக ஓடியது ஏழாம் தொட்டியில். மாதிரி எடுத்தவள் பெயர் யின் ஷுலான். வேலை நிரந்தரமாகாதவள். புத்தாண்டுக்கு முந்தின நாள் மாதிரியோடு இறங்கும்போது இரும்புப் படியில் தவறி விழுந்து இறந்திருக்கிறாள். கையில் இருந்த பாட்டிலை எங்கெங்கோ தேடியிருக்கிறார்கள். ஒரு கண்ணாடிச் சில்லுகூடக் கிடைக்கவில்லை.

பதிவேட்டில் 18:00க்கு நேரே ஒரே வரி.

'மாதிரி வந்து சேரவில்லை.'