எருவோடு போன ஊசி

மானாம்பதியில் வேதகிரியோடு சண்டை போடாத ஆள் இருந்தால் அவன் வெளியூர்க்காரனாகத்தான் இருக்க வேண்டும். வரப்புக்குச் சண்டை, மடைக்குச் சண்டை, அடுத்த வீட்டுக் கோழி தன் களத்தைக் கிளறியதற்குச் சண்டை. பங்காளி கன்னியப்பனோடு கோர்ட்டு வரைக்கும் போனார். அப்படிப்பட்டவருக்குச் சர்க்கரை வியாதி வந்து, மாத்திரைக்கு அடங்காமல், தினமும் ஊசி போட்டுக்கொள்ளும் அளவுக்கு முற்றியது. வியாதியைவிட அது வெளியே தெரிந்துவிடுமோ என்பதுதான் அவருக்குப் பெரிய பயம். தெரிந்தால் கன்னியப்பன் வெடி வைத்துக் கொண்டாடுவான் என்று நினைத்தார். அந்த நினைப்பில் தப்பு ஒன்றும் இல்லை, கன்னியப்பன் அதைச் செய்யக்கூடியவன்தான்.

ஊசி வாங்க உத்திரமேரூர் போவார். மருந்துக்கடை மீரான் மைதீன் பொறுமையாகத்தான் சொன்னார்: போட்ட ஊசியைக் குப்பையில் போடாதீர்கள், மூடியுள்ள கெட்டியான டப்பாவில் சேர்த்து வையுங்கள், நிறைவதற்குள் மூடியை ஒட்டிக் கொண்டுவந்து கொடுத்தால் ஆஸ்பத்திரி ஊசிகளோடு அழிக்க அனுப்பிவிடலாம். வேதகிரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"டப்பாவத் தூக்கிக்கினு பஸ்ல வந்து ஊருக்கெல்லாம் காட்டச் சொல்றியா பாய்? உன் யாவாரத்த மட்டும் பாரு."

தெருவில் போட்டால் யாராவது பார்ப்பார்கள். கடைசியில் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னாலிருந்த எருக்குழிதான் கண்ணில் பட்டது. சிரிஞ்சை அடுப்பில் போட்டு உருக்கிவிடுவார். ஊசியை மட்டும் கழற்றிச் சாணத்துக்குள் அழுத்திவிடுவார். மறுநாள் அதன்மேல் சாணம் விழும், சாம்பல் விழும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாக எண்ணம். எருக்குழியில் கிடப்பதெல்லாம் கோடையில் வண்டியேறிக் கழனிக்குப் போகும் என்பது, பிறந்ததிலிருந்து எரு அடித்த மனிதருக்குத் தோன்றவில்லையா என்று கேட்டால், தோன்றியது. மண் எதையும் தின்றுவிடும் என்று விட்டுவிட்டார்.

அந்தக் கோடையில்தான் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு செருப்பு கழன்றது தெரியாமல், கொதிக்கிற தார் ரோட்டில் பாதித் தெரு நடந்தார். பார்த்தவர்கள் குடித்திருக்கிறார் என்றார்கள். அவரும் மறுக்கவில்லை. சர்க்கரையைவிடக் குடி கௌரவமாகப் பட்டது போலிருக்கிறது.

நடவு நாள் வந்தது. நாற்று முடிகளைச் சேற்றில் வீசியிருந்தார்கள். நடவுக்கு ஆட்களைக் கூட்டி வரும் மங்கம்மா முதலில் இறங்கினாள். கொஞ்ச நேரத்திலேயே கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தாள். விரலில் ஊசி ஏறியிருந்தது. எய்ட்ஸ் என்று சுவருக்குச் சுவர் எழுதிப் பயமுறுத்திய காலம் அது. மற்ற பெண்களெல்லாம் நாற்றைப் போட்டுவிட்டு வரப்பேறினார்கள்.

மங்கம்மா வரப்பில் நின்ற வேதகிரியிடம் வந்தாள். "யாரு ஊசின்னு தெரிஞ்சாத்தானே நான் டாக்டராண்ட போய்ச் சொல்ல முடியும். யாரு ஊசி நைனா?"

ஒரு வார்த்தையில் அவள் பயத்தைப் பாதியாக்கியிருக்கலாம். வேதகிரியின் வாயில் அந்த வார்த்தை வரவில்லை, கன்னியப்பன் பெயர்தான் வந்தது. நடவைக் கெடுக்க அவன்தான் கொண்டுவந்து போட்டிருப்பான், வரப்போரமாக ஒன்று விழுந்திருக்கும், அதற்கு இந்தக் கூத்தா, வேலைக்கு வலிக்கிறதா என்று கத்தினார்.

"அப்ப நீ எறங்கி நட. பாக்கறோம்."

ஒரு பெண்பிள்ளை, அதுவும் கூலிக்கு வந்தவள், அவரைப் பார்த்து அப்படிச் சொன்னதே கிடையாது. செருப்பை உதறினார், வேட்டியை மடித்துக் கட்டினார், சேற்றில் இறங்கி இந்த வரப்பிலிருந்து எதிர் வரப்பு வரைக்கும் மிதித்துப் போய்த் திரும்பினார். வாய்க்காலில் காலை அலம்பிக்கொண்டு மேலே ஏறி நெஞ்சை நிமிர்த்தினார்.

"இன்னாடி, ஏதாச்சும் கீதா?"

மங்கம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வரப்புப் புல்லில் அவர் நடந்த வழியெல்லாம் சிவப்பாகச் சொட்டியிருந்தது.

"குதிகால்ல கீது பாரு."

காலைத் திருப்பிப் பார்த்தார். ஊசி முழுசாக உள்ளே போய், மேல் பிடி மட்டும் வெளியே தெரிந்தது. வலி என்று ஒன்று கொஞ்சமும் இல்லை. ஊர் ஜனம் பார்க்கிறதே என்பதுதான் சுருக்கென்றது.

"சக்கர வந்து எங்க மாமியா காலும் இப்படித்தான் மரத்துக் கெடந்துச்சி," என்றாள் மங்கம்மா. "சக்கர ஊசின்னு ஒரு வார்த்த சொல்ல உனக்கு வாய் வரல. என் உசிரவிட உன் பேரு ஒசத்தியா பூட்ச்சி."

அவர் ஊசியைப் பிடுங்கினார். பழக்கதோஷத்தில் கழனிப் பக்கம் எறியக் கை ஓங்கியது. பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓங்கிய கை அப்படியே நின்றது.

"இப்ப எங்க போடப் போற?" என்று கேட்டுவிட்டு, விரலைப் பிடித்தபடி அவள் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறப் போனாள். மற்றவர்களும் அவள் பின்னாலேயே போய்விட்டார்கள்.

அந்தப் போகம் அவர் கழனியில் நடவு இல்லை. எவ்வளவு கூப்பிட்டும் ஒரு கால்கூட இறங்கவில்லை. பிடுங்காத மீதி நாற்று நாற்றங்காலிலேயே முற்றிப் பழுத்தது, அதை மேய்ந்தவை கன்னியப்பனின் மாடுகள். ஊர் அதற்கு ஊசிக்கழனி என்று பெயர் வைத்துவிட்டது. வேதகிரி காலில் கட்டோடு வரப்பில் உட்கார்ந்திருப்பார், மடியில் மூடி போட்ட டப்பா ஒன்று இருக்கும். கழனிச் சேற்றுக்குள் இன்னும் எத்தனை ஊசிகள் கிடக்கின்றன என்பது, போட்ட அவருக்கே தெரியாது.