சாக்கடை வரலாம், செருப்பு வரக் கூடாது

தொண்ணூறுகளின் கடைசியில், டெல்லி மோதி பாக் அரசுக் குடியிருப்பில் தரைத்தளத்தில் இருந்தோம். ஆகஸ்ட் வந்தாலே நான் வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நல்ல மழை போதும், வெளிச் சாக்கடை நேராகக் கூடத்துக்கு வந்துவிடும். அந்த வருடமும் வந்தது. கூடவே ஒரு செத்த எலியும் மிதந்து வந்தது.

ஆபீஸிலிருந்து திரும்பிய களைப்போடு நான் சாமான்களைக் கட்டில்மேல் ஏற்றினேன். கணவர் வெறுங்காலோடு தண்ணீரில் நின்று பக்கெட்டால் இறைத்தார். அவருக்குக் குதிகால் முழுக்கப் பித்தவெடிப்பு.

"செருப்பையாவது மாட்டிக்கிட்டு நில்லுங்களேன்" என்றேன்.

"சாமி அலமாரி இருக்கிற வீட்டுக்குள்ள செருப்பா?" என்று முறைத்தார்.

சாக்கடை உள்ளே வரலாம், செருப்பு வரக் கூடாது. என்ன நியாயமோ! வாதாட எனக்குத் தெம்பில்லை.

வீடு காய்ந்து, நாற்றம் போன பிறகு அவருக்குக் காய்ச்சல் வந்தது. கண் மஞ்சளித்தது. மழைக்கால மஞ்சள்காமாலை, ரெஸ்ட் எடுக்கட்டும் என்றார் பக்கத்துத் தெரு டாக்டர். நம் வீடுகளில் காமாலை என்றால் அப்புறம் என்ன? உப்பில்லாச் சோறு, மோர், கீழாநெல்லி. அவரோ கால்வலி தாங்காமல் முனகிக்கொண்டே கிடந்தார். படுத்தே இருந்தால் வலிக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். ஆபீஸ், அடுப்படி, நோயாளி என்று அலைந்ததில் எனக்கே நிற்க முடியவில்லை.

கீழாநெல்லிப் பொடி வாங்க ஐ.என்.ஏ. மார்க்கெட் போனேன். கடைக்காரரிடம் புலம்பிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் மரவள்ளிக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்த மலையாளப் பெண் திரும்பிப் பார்த்தாள். ஏதோ ஆஸ்பத்திரியில் நர்ஸாம்.

"சேச்சி, கண்ணு சிவந்திருக்கா? கெண்டைக்கால் தொட்டா வலிக்குதோ?"

ஆமாம் என்றேன். மூத்திரம் குறைந்திருக்கிறதா, அழுக்குத் தண்ணீரில் நின்றாரா என்று கேட்டாள். எலி மிதந்ததைச் சொன்னதும் கையிலிருந்த கிழங்கை வைத்துவிட்டாள்.

"எங்க நாட்டுல மழை வந்தா இதான் பேச்சு. எலிப்பனின்னு சொல்லும், எலிக்காய்ச்சல். எலி மூத்திரம் கலந்த தண்ணி, கால் வெடிப்பு வழியா ஏறும். பொடி வேண்டாம் சேச்சி. இன்னிக்கே ஆஸ்பத்திரி போகணும், இல்லேன்னா கிட்னி போயிடும்."

பொடியை அங்கேயே வைத்துவிட்டு ஓடிப்போய் ஓர் ஆட்டோவை நிறுத்தினேன். என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாளோ, ஆட்டோவில் கூடவே ஏறிவிட்டாள். வீட்டுக்கு வந்து அவரைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றி, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், டாக்டரிடம் சாக்கடைத் தண்ணீரிலிருந்து எல்லாவற்றையும் எனக்காக அவளே சொன்னாள். டாக்டர் கவனமாகக் கேட்டார். ரத்தம் எடுத்தார்கள், உடனே ஊசி மருந்து ஆரம்பித்தார்கள். சிறுநீரகம் கெட ஆரம்பித்திருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். நான் சுவரில் சாய்ந்து அழுது முடித்துத் திரும்பியபோது, டியூட்டிக்கு நேரமாகிவிட்டதென்று அவள் கிளம்பியிருந்தாள். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

அவர் தேறி வர வெகுநாளாயிற்று. அடுத்த வருட மழைக்கும் தண்ணீர் வந்தது. நான் வாயைத் திறக்குமுன்பே முழங்கால்வரை ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, சாமி அலமாரியைப் பார்த்து, "மன்னிச்சுக்கப்பா முருகா" என்று இறங்கினார்.

இன்று அவர் என் எதிரே உட்கார்ந்து காபியில் சர்க்கரை போதவில்லை என்று குறை சொல்கிறாரென்றால், கிழங்கு வாங்க வந்த ஒரு பெண் அன்று தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகாததால்தான்.