கழுவுனா பூடும்

பள்ளி விட்டு வந்த மகளின் கழுத்தெல்லாம் மை. கூடப் படிக்கிற பெண் பூசினாளாம். "விளையாட்டுதானே, கழுவினா போயிடும்" என்றாராம் டீச்சர். அதைக் கேட்டதும் என் மூக்கில் ராயபுரத்து நிலக்கரித் தூள் ஏறியது.

நான் படித்த ஓட்டுக்கூரைப் பள்ளி நின்ற இடத்தில் இன்று கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. துறைமுகத்திலிருந்து பறந்து வரும் தூள் எங்கள் பெஞ்சிலும் தண்ணீர்ப் பானையிலும் மதியச் சோற்றிலும் படியும், துடைப்பதும் கழுவுவதுமாகவே பாதி நாள் போகும், மீதி நாளில் பின்பெஞ்சு ஸ்டெல்லா அதை விரலால் வழித்து என் கன்னத்தில் அப்பி வகுப்பையே சிரிக்க வைப்பாள்.

மிஸ்ஸிடம் சொன்னேன். "கரிதானே, போய்க் கழுவு."

அப்பாவிடம் அழுதேன். "இன்னாமா, இதுக்குப் போயி அழுதுகினு! கழுவுனா பூடும். ஸ்டெல்லா நல்ல பொண்ணு" என்றார், வாசலைப் பார்த்தபடி. அப்பா அவளைப் பார்த்ததே கிடையாது. பிறகெப்படி நல்ல பெண்?

அப்பாவுக்குத் துறைமுகத்தில் தினமும் வேலை பிரித்துக் கொடுத்த மேஸ்திரி ஸ்டெல்லாவின் அப்பா என்பது, எனக்குக் கல்யாணமான பிறகுதான் தெரிந்தது.

மகளின் டீச்சருக்குப் போன் போட்டேன். என்ன நடந்தது என்று கேட்கவில்லை.

"மை பூசுன பொண்ணோட அப்பா யாரு மிஸ்?"

"அதெல்லாம் எதுக்கு மேடம்?" என்று டீச்சர் குரலைத் தாழ்த்தினார்.