பக்கத்து வீட்டுக்குப் போன முதல் சோறு

அம்மா செத்த அன்று மேல்வீட்டில் வெங்காயம் வதக்கினார்கள். ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் எனக்கு நர்ஸ் வேலை. விசாவைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்ததால் ஊருக்குப் போக முடியவில்லை. தம்பி செல்போனில் காட்டிய சாவைக் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தேன். மேளச் சத்தம் அதிகமாக இருக்கிறது என்று மேல்வீட்டுப் பெண் இறங்கிவந்து கதவைத் தட்டினாள். மரியாதையாகத்தான் கேட்டாள். குறைத்துவிட்டேன். அவள் செய்ததில் தப்பு ஒன்றும் இல்லை. இன்னும் எனக்கு அவளைக் கண்டால் ஆகாது.

வெங்காய வாசனைக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்றால், ஜவ்வாது மலையில் நான் நாலாவது படித்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் விடிகாலையில் செத்துப்போனார். வேலியோரப் பலாமரம் யாருடையது என்று அவருக்கும் எங்களுக்கும் சண்டை. பேச்சுவார்த்தை நின்று வருஷக்கணக்காகிவிட்டது. குடித்தால் எங்கள் வாசலில் நின்று அப்பாவைத் திட்டுவார். அவர் செத்ததில் எனக்கு வருத்தமே இல்லை. என் வருத்தமெல்லாம் சோறு. அடுப்பில் சாமை பாதிதான் வெந்திருந்தது. அழுகுரல் கேட்டதும் அம்மா விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் ஊற்றிவிட்டாள். பிணம் எடுக்கும்வரை எங்கள் ஊரில் யார் வீட்டிலும் அடுப்பு எரியக் கூடாது.

"நம்மள திட்னவருதானம்மா? நாம ஏன் பட்னி கெடக்கணும்?" என்றேன்.

"செத்தவங்ககிட்ட இன்னாடி சண்ட? வாய மூடு."

மதியத்துக்குள் எடுத்திருக்கலாம். ஆனால் அவருடைய மகன் வாணியம்பாடியில் தோல் கம்பெனியில் இருந்தான். அவன் வராமல் எடுக்க முடியாது. மலைக்கு பஸ் சாயங்காலம்தான். ஊரே பசியோடு அந்த பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாமா என் காதில், "உசுரோட இருந்தப்ப பழம் துன்ன வுடல, இப்ப சோறும் துன்ன வுடமாட்டேன்றாரு" என்றார். நான் சிரித்ததற்கு அப்பா முறைத்தார். வெறும் தண்ணீரைக் குடித்துக் குடித்து வயிறு வலித்தது. மகன் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்தபோது, அங்கே இருந்த பிள்ளைகளில் அதிகம் அழுதது நான்தான். பாசம் என்று நினைத்து ஓர் அத்தை என் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

பிணம் போனதும் எல்லா வீட்டுக் கூரையிலிருந்தும் புகை கிளம்பியது. அம்மா வாசல் கழுவி, குளித்து, புதிதாக உலை வைத்தாள். நான் தட்டோடு உட்கார்ந்துவிட்டேன். சோறு வெந்ததும் முதல் சோற்றை ஒரு குண்டானில் போட்டு, மொச்சைக் குழம்பை ஊற்றி எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு நடந்தாள். சாவு வீட்டுக்காரர்கள் சமைக்கக் கூடாது, அடுத்தவர்தான் கொண்டுபோக வேண்டும். என் தட்டில் ஒன்றும் விழவில்லை. வெறுந்தட்டோடு பின்னாலேயே ஓடினேன்.

செத்தவரின் மனைவி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"எந்திரிக்கா, ரெண்டு வாய் துன்னு" என்றாள் அம்மா.

"வேணாம், போ."

அம்மா போகவில்லை.

அம்மா செத்தபோது இங்கே ஜெர்மனியில் நானும் அடுப்பைத் தொடாமல்தான் இருந்தேன். யாரும் கொண்டுவர மாட்டார்கள் என்று தெரியும். ஆனாலும் படியில் காலடிச் சத்தம் கேட்டபோதெல்லாம் கதவைப் பார்த்தேன். ஃப்ரிட்ஜில் இருந்த ரொட்டியை நின்றபடியே தின்றேன். வேலைக்குத் திரும்ப வேண்டிய நாளில், சாவு வீட்டுக்காரியான நானே எனக்கு உலை வைத்தேன். அந்தச் சோறு இறங்கவில்லை. கொட்டிவிட்டேன்.

அன்று மலையில் செத்தவரின் மனைவி வெகு நேரம் கழித்து எழுந்து உட்கார்ந்தாள். அழுதுகொண்டே ஒரு வாய் வைத்தாள். பிறகு இன்னொன்று. அதுவரைக்கும் என் அம்மா பக்கத்திலேயே நின்றாள். குண்டானைத் திரும்ப வாங்கிப் போகத்தான் நிற்கிறாள் என்று நினைத்தேன்.

"நாளைக்கு வாங்கிக்கலாம், வாம்மா" என்று அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தேன்.